ஈரான் தந்த ஃபொரூக்

ஈரானிய சினிமாவுக்கு உலக அரங்கில் இன்றுள்ள கௌரவம் நமது வாசகர்கள் அறிந்ததே. அதற்கு அஸ்திவாரமிட்டோருள் ஒருவரான ஃபொரூக் ஃபரோக்ஸாத் அம்மையாரின் கீர்த்தி சற்று விந்தையானது. டைரக்டர் என்ற முறையில் அயல்நாட்டார் அவரைக் கொண்டாடுவது ஒரே ஒரு படத்துக்காக. அதுவும் இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும் சிறு படம்.

டெஹ்ரானில் ஒரு ராணுவ அதிகாரியின் புதல்வியாகப் பிறந்த அவருக்குப் பதினாறு வயதில் விவாகம் நடந்தது. ஓர் ஆண் மகவும் பிறந்தது. சில ஆண்டுகளில் விவாகம் முறிந்தபோது, அந்நாட்டுச் சட்டப்படி குழந்தை தகப்பனார் வசமாயிற்று. சட்டம் பயின்ற நாம் இதை ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். பெற்றவளோ அதை ஆயுள் முழுதும் சுமந்தாள். 1955-ல் அவருடைய முதல் கவிதை நூல் வெளியாயிற்று. பெண்ணொருத்தி தன் மனத்தின் ஆசைகளைத் தானே மறைவின்றிச் சொல்வதா என்று பெரிய மனிதர்கள் சீறினர். ஏச்சுக்கு அஞ்சி அவர் பேனாவைக் கீழே வைத்துவிடவில்லை.

1958-ல் இப்ராஹிம் கொலஸ்தானின் படக் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்து, படத்தொகுப்பைக் கற்றார். 1962-ல் தப்ரீஸ் நகருக்கு அருகிலுள்ள பாபா பாகி குஷ்டரோகிகள் விடுதிக்குச் சென்றார். நோயாளிகளின் நலம் பேணும் சங்கம் ஒன்றுக்காக அங்கே பன்னிரண்டு நாட்களில் எடுத்ததே 'வீடு கறுப்பு' என்ற அந்தப் படம். கண்ணாடியில் தன் உருக்குலைந்த முகத்தை நோக்கும் ஒரு மாது, விரலிழந்த கரங்களை உயர்த்தித் தொழுவோர், பந்தாடும் சிறுவர், ஒரு கல்யாண ஊர்வலம், அழகான பொருள்கள் எவை என்று ஆசிரியர் கேட்கச் சந்திரனையும் சூரியனையும் புஷ்பங்களையும் சொல்லும் ஒரு பையன். அம்மையார் தம் குரலிலேயே பிரார்த்தனை போன்ற சொற்களை அவற்றின் மீது தவழவிடுகிறார். இந்நோய் தீரக்கூடியதே என்பதையும் படம் திட்டமாகக் கூறுகிறது.

இத்தகைய காட்சிகளை அந்நியருக்குக் காட்டுவது தேச மானத்துக்கு இழுக்கு என்று வாதிப்போர் எந்நாட்டிலும் உளர். நாம் அதை ஒப்போம். நோய் ஒரு தேசத்துக்கு அவமானமன்று. நோயாளியைச் சுவருக்குப் பின்னால் தள்ளி மறப்பதே அவமானம். 1963-ல் ஜெர்மனியின் ஓபர்ஹௌஸன் விழா இப்படத்துக்குப் பரிசளித்தது. ஆனால் அம்மையாரின் உள்ளத்தை நமக்குக் காட்டுவது அந்தப் பரிசன்று. தம் மகனை இழந்திருந்த அவர், அவ்விடுதியில் வாழ்ந்த நோயாளித் தம்பதியின் சிறுவனைப் பெற்றோர் சம்மதத்துடன் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று வளர்த்தார்.

1967 பிப்ரவரியில், டெஹ்ரானில் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவர் மாண்டார். வயது முப்பத்திரண்டு. 1979-ல் நேர்ந்த புரட்சிக்குப் பின் அவருடைய கவிதைகள் தாய்நாட்டிலேயே சில காலம் தடைக்கும் தணிக்கைக்கும் உள்ளாயின.

1999-ல் அப்பாஸ் கியாரொஸ்தமி தம் படம் ஒன்றுக்கு ஃபொரூக்கின் கவிதைத் தலைப்பையே பெயராக வைத்தார். அது வெனிஸில் பரிசு பெற்று உலகைச் சுற்றிவந்தது. அதில் இருள் சூழ்ந்த நிலவறையொன்றில் ஒரு கிராமத்துப் பெண் பசுவைக் கறந்துகொண்டிருக்கிறாள். நகரத்திலிருந்து வந்தவன் அவளுக்கு அந்தக் கவிதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.