பத்திரம் எழுத மறுத்தவர்: ஜான் வூல்மன் சரிதம்

ஒரு சமயக் குழுவினர் தாம் ஓதுவதற்கு மாறாக நெடுங்காலம் நடந்துவந்து, பின்னர் தம்மைத் தாமே திருத்திக்கொள்வது அரிது. குவேக்கர் என்று வழங்கப்படும் கிறிஸ்தவ நண்பர் சபையார் பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் அவ்வாறு திருந்தினர். ஒவ்வொரு மனிதருள்ளும் இறைவனின் ஒளி உறைகின்றது என்பது அவர்களுடைய கொள்கை. வாரந்தோறும் மௌனமாக அமர்ந்து இதைத் தியானித்தவர்களுள் பலர், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட மக்களை விலைக்கு வாங்கினர், விற்றனர், பிள்ளைகளுக்குச் சொத்தாகவும் எழுதிவைத்தனர். இந்நிலை மாறுவதற்குப் பெரிதும் காரணமாயிருந்த ஜான் வூல்மன் என்பவரின் சரிதத்தை இங்கே காண்போம்.

அவருக்கு முன்னரும் ஆட்சேபித்தவர்கள் உண்டு. 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர் கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பம் எழுதினர். உள்ளூர்க் கூட்டம் அதை மேல் கூட்டத்துக்கு அனுப்பிற்று. அது அதற்கும் மேலே அனுப்பிற்று. முடிவில் ஆண்டுக் கூட்டம், தான் இதில் தீர்ப்புரைப்பது தகாது என்று ஒதுக்கி வைத்தது. கோப்பு மேலே ஏறிச்சென்று உறங்கும் கதை, அலுவலகத்தில் காலம் கழித்த நம் போன்றோர்க்குப் புதிதன்று. 1738-இல் பெஞ்சமின் லே என்பவர், உட்புறம் குடையப்பட்ட நூல் ஒன்றில் செந்நிறப் பழச்சாற்றை மறைத்து வைத்து, கூட்டத்தின் நடுவே அதை வாளால் குத்தி, அடிமை வைத்திருந்தோர் மீது குருதி போல் தெறிக்கச் செய்தார். அவரைத் தூக்கி வெளியே விட்டனர். நடைமுறையோ மாறவில்லை.

வூல்மன் 1720-இல் நியூஜெர்சியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். சிறுவராயிருந்தபோது விளையாட்டாகக் கல்லெறிந்து ஒரு தாய்ப்பறவையைக் கொன்றுவிட்டு, கூட்டில் தவித்த குஞ்சுகளைக் கண்டு அவர் அடைந்த மனவேதனை ஆயுள் முழுதும் அவரை விட்டு அகலவில்லை. இருபத்தொன்றாம் வயதில் மவுன்ட் ஹாலி என்ற ஊரில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். ஒருநாள் முதலாளி தம்மிடம் இருந்த கறுப்பினப் பெண்மணி ஒருவரை விற்று, அதற்குரிய பத்திரத்தை எழுதுமாறு பணித்தார். வாங்குபவர் எதிரே காத்திருந்தார். அவர் முதியவர், சபையின் உறுப்பினர். வூல்மன் எழுதிக் கொடுத்தார். ஆயினும் இவ்வழக்கம் தம் சமயத்துக்கு ஒவ்வாதது என்று இருவர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். சொன்னதால் மனம் ஆறவில்லை. எழுதாமலே இருந்திருக்க வேண்டும் என்று வருந்தினார். சில காலம் கழித்து வேறொருவர் அத்தகைய பத்திரம் கேட்டபோது எழுத மறுத்தார்.

சொத்து பிறருடையது, விருப்பம் பிறருடையது, நாம் எழுதுகிறவர் மட்டுமே என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது எத்துணை எளிது என்பதைப் பத்திரங்களோடு பழகிய எவரும் அறிவர். வூல்மன் அந்த ஒதுக்கிடத்தைத் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை.

பின்னொரு சமயம் காயமுற்ற அண்டைவீட்டார் ஒருவர் தம் உயிலை எழுதித் தருமாறு வேண்டினார். வூல்மன் குறிப்பெடுத்துச் சென்று முழு உயிலையும் எழுதினார். இளம் அடிமைப் பெண் ஒருத்தியை ஒரு பிள்ளைக்கு அளிக்கும் பகுதியை மட்டும் எழுதாமல் விட்டார். படுக்கையருகே அமர்ந்து அதைப் படித்துக் காட்டி, எழுதியதற்குக் கூலி வேண்டாம், எஞ்சியதை எழுத இயலாது என்று அன்போடு தெரிவித்தார். இருவரும் நெடுநேரம் பேசினர். அப்பெண்ணை விடுதலை செய்ய அவர் இசைந்த பின்னரே உயில் நிறைவுற்றது.

1746-இலும் 1757-இலும் தென்புறக் குடியேற்றங்களுக்கு யாத்திரை செய்தார். அடிமைகளின் உழைப்பால் நடக்கும் வீடுகளில் இலவசமாக உண்டு உறங்குவது அவருக்கு உறுத்திற்று. ஆகவே இரண்டாம் யாத்திரையில் அவர்களுக்கென வெள்ளிக் காசுகளை அளித்து வந்தார். அடிமைமுறையை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1754-இல் வெளிவந்தது. 1762-இல் இரண்டாம் பகுதியைச் சபையின் பொதுநிதியிலிருந்து அச்சிட்டு இலவசமாக வழங்க முன்வந்தனர். அவர் உடன்படவில்லை. அந்நிதியில் அடிமை வைத்திருப்போர் பணமும் கலந்துள்ளது. அவர்கள் பணத்திலேயே அவர்களுக்கு ஒவ்வாத நூலைப் பரப்புவது முறையன்று. மேலும் இலவசமாகப் பெற்றவர் மறைத்து வைப்பர், விலை கொடுத்தவரே படிப்பர் என்பன அவர் கூறிய காரணங்கள். தம் செலவில் அச்சிட்டு விற்றார். கணக்கறிந்தவரின் நேர்மை இது என்று நாம் வியக்கிறோம்.

1758-இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் இவ்விஷயம் மீண்டும் எழுந்தது. பொறுத்திருப்போம், காலம் வழிகாட்டும் என்றனர் பலர். நெடுநேரம் மௌனமாயிருந்த வூல்மன் எழுந்து, ஒடுக்கப்பட்டோரின் கூக்குரல் இறைவனை எட்டியபின் தாமதிப்பது ஆபத்து என்று உரைத்தார். அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபையின் நிர்வாகக் கூட்டங்களில் பங்குகொள்ளலாகாது என முடிவாயிற்று. அடிமை வைத்திருப்போர் இல்லந்தோறும் சென்று பேச ஒரு குழுவும் அமைந்தது. அதில் வூல்மனும் ஒருவர். வைது பேசாமல், வீட்டாரோடு அமர்ந்து, மனம் இளகும்வரை திரும்பத் திரும்பச் சென்றார். லேயின் வாளைவிட இதுவே கடினமான பணி என்பது நம் எண்ணம்.

வாழ்வின் பிற்பகுதியில், சாயம் அழுக்கை மறைக்கவே உதவுகின்றது என்று கருதிச் சாயமிடாத ஆடையே உடுத்தார். 1772-இல் கப்பலின் கீழ்த்தட்டில் மாலுமிகளோடு பயணம் செய்து இங்கிலாந்து சென்றார். அங்கே அஞ்சல் வண்டிகளில் குதிரைகளும் சிறுவர்களும் வதைபடுவதை அறிந்து கால்நடையாகவே வடக்கு நோக்கி நடந்தார். யார்க் நகரில் பெரியம்மை கண்டு, அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள் காலமானார். தம் அடக்கச் செலவுக்குத் தாம் அணிந்த ஆடைகளையே விட்டுச் சென்றார்.

நான்காண்டுகள் கழித்து, 1776-இல், அடிமைகளை விடுவிக்க மறுப்பவரை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்குவதென பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் தீர்மானித்தது. அந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்ததோ 1865-இல்தான். 1787-இல் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்கக் கூடிய பன்னிருவர் குழுவில் ஒன்பதின்மர் குவேக்கர்கள். ஆயினும் அமெரிக்காவில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடங்கள் சிலவற்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கறுப்பின மக்களுக்குத் தனி விசிப்பலகையே ஒதுக்கப்பட்டிருந்தது.