ஆழ்மூளை அறுவைச் சிகிச்சை: மருத்துவர் பி. ராமமூர்த்தியின் வாழ்வும் பணியும்

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ மூளையின் ஆழத்தில் கட்டி, நீர்த்தேக்கம் அல்லது நடுக்கத்தை உண்டாக்கும் கோளாறு இருப்பதாக மருத்துவர் கூறியிருந்தால், அவ்விடத்தை எவ்வழியாக அடைவது என்பது முதன்மையான கேள்வியாகும். தமிழ்நாட்டில் இதற்கு விடை தேடிய முன்னோடிகளுள் ஒருவர் மருத்துவர் பி. ராமமூர்த்தி. அவரது பணியை அறிவது, நீங்கள் எடுக்கவிருக்கும் முடிவைத் தெளிவாக்கும்.

பிறப்பும் பயிற்சியும்

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் கடலை நெருங்கும் பகுதியில் உள்ள சீர்காழியில், 1922 ஜனவரி 30 அன்று ராமமூர்த்தி பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற பின், பிரிட்டனில் நியூகாசில் நகரில் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பயிற்சி பெற்றார். இந்தியாவில் இத்துறை அப்போதுதான் தோன்றியிருந்தது. 1949இல் வேலூரில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி அதனைத் தொடங்கினார். 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி தொடங்கினார். 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவிய நால்வருள் இவ்விருவரும் அடங்குவர்.

ஆழத்தை அடைவது ஏன் கடினம்?

மூளையின் மேற்பரப்பில் பேச்சு, பார்வை, கைகால் இயக்கம் ஆகியவற்றுக்குரிய பகுதிகள் உள்ளன. ஆழத்தில் உள்ள தலாமஸ் போன்ற பகுதிகளை அடைய இவற்றை வெட்டிச் சென்றால், நோயைவிடச் சிகிச்சையே பெருங்கேடு விளைவிக்கலாம்.

இதற்குத் தீர்வாக வந்தது ஸ்டீரியோடாக்டிக் முறை. நோயாளியின் தலையில் உலோகச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, இலக்கின் இடத்தை மூன்று திசை அளவுகளால் கணக்கிட்டு, மண்டையோட்டில் இடும் சிறு துளை வழியே மெல்லிய கருவியைச் செலுத்துவர். சி.டி., எம்.ஆர்.ஐ. இல்லாத அக்காலத்தில், மூளையின் நீர் அறைகளில் காற்றையோ சாயத்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுத்தே இலக்கைக் கணித்தனர். ராமமூர்த்தியும் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா முதலிய மருத்துவர்களும் இம்முறையைச் சென்னையில் வளர்த்தனர். பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தைக் குறைக்க, தலாமஸில் ஒரு சிறு புள்ளியைச் செயலிழக்கச் செய்தனர்.

அடைய முடிவதெல்லாம் செய்யத்தக்கதா?

இதே முறையால், கட்டுக்கடங்காத ஆவேச நடத்தை உடையவர்களுக்கும் இக்குழுவினர் ஆழ்மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தனர். மருந்துகள் குறைவாக இருந்த காலம் அது. எனினும், ஒருவரின் நடத்தையை மாற்ற மூளைத் திசுவை நிலையாக அழிப்பது முறையா, அதற்கு அவர் உண்மையாகவே ஒப்புதல் அளிக்க இயலுமா என்னும் கேள்விகள் உலகெங்கும் எழுந்தன. இன்று இந்தியாவில், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநோய்க்கான மூளை அறுவைச் சிகிச்சைக்கு நோயாளியின் தெளிந்த ஒப்புதலும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் கட்டாயம். குடும்பத்தினரின் சம்மதம் மட்டும் போதாது.

இன்றைய வழிகள்

1973இல் பத்மபூஷண் விருது பெற்ற ராமமூர்த்தி 2003 டிசம்பர் 13 அன்று மறைந்தார். அவர் பணியாற்றிய துறையில் இன்று உங்களுக்குப் பல வழிகள் உள்ளன.

• இயற்கை இடைவெளி வழி: மூளை மடிப்புகளுக்கு இடையே உள்ள பிளவை நுண்ணோக்கியின் துணையால் விலக்கிச் செல்லுதல்.
• மூக்கு வழி: பிட்யூட்டரி சுரப்பிக் கட்டிகளுக்கு, மண்டையோட்டைத் திறக்காமல் எண்டோஸ்கோப் மூலம் அணுகுதல்.
• நீர் அறை வழி: மூளை நீரின் பாதை அடைபட்டால், மூன்றாம் நீர் அறையின் தளத்தில் சிறு துளையிட்டு மாற்றுப்பாதை அமைத்தல். காவிரியில் மிகும் வெள்ளம் முக்கொம்பில் கொள்ளிடத்திற்குத் திருப்பப்படுவதைப் போன்றது இது.
• ஸ்டீரியோடாக்டிக் வழி: ஆழத்தில் உள்ள கட்டியிலிருந்து பரிசோதனைக்குச் சிறு திசு எடுத்தல், பார்க்கின்சன் நோய்க்கு மின்முனை பொருத்துதல். திசுவை அழிப்பதைப் போலன்றி, மின்தூண்டலின் அளவைப் பின்னர் மாற்றலாம், நிறுத்தவும் செய்யலாம்.

எல்லா வழிகளிலும் இரத்தக்கசிவு, நோய்த்தொற்று, வலிப்பு, பேச்சுக் குறைவு அல்லது கைகால் பலவீனம் ஏற்படும் வாய்ப்பு உண்டு. அதன் அளவு, நோய் உள்ள இடத்தையும் நோயாளியின் உடல்நிலையையும் பொறுத்தது.

மருத்துவரிடம் கேளுங்கள்

• எந்த வழியைத் தேர்ந்தெடுத்துள்ளீர்கள்? மற்ற வழிகளை ஏன் விலக்கினீர்கள்?
• அவ்வழியில் எந்தச் செயற்பாடு பாதிக்கப்படலாம்? அது மீளுமா?
• மருந்து, கதிர்வீச்சு அல்லது காத்திருந்து கண்காணித்தல் பொருந்துமா?
• இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்த வேண்டும்? இவற்றை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

பதில் விளங்காவிட்டால் மீண்டும் கேட்கத் தயங்காதீர்கள். அவசரநிலை இல்லையெனில், வேறொரு நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணரின் கருத்தையும் பெறலாம்.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

அறுவைச் சிகிச்சைக்குப் பின் கடும் தலைவலி, தொடர் வாந்தி, மிகுந்த தூக்கக் கலக்கம், வலிப்பு, புதிய பலவீனம், காய்ச்சல், மூக்கு அல்லது தையல் வழியாகத் தெளிந்த நீர் கசிதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108 அவசர ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.