ஹோல்ட் காலியர்

ஹோல்ட் காலியர் (ஏறத்தாழ 1846 – ஆகஸ்ட் 1, 1936) ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற கரடி வேட்டைக்காரரும் வேட்டை வழிகாட்டியும் ஆவார். அடிமையாகப் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கரான இவர், 1902 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியொடோர் ரோசவெல்ட் மேற்கொண்ட கரடி வேட்டையைத் திட்டமிட்டு நடத்தினார். உலகெங்கும் குழந்தைகள் விளையாடும் டெடி கரடி பொம்மை அந்த வேட்டையில் நடந்த ஒரு நிகழ்விலிருந்தே தன் பெயரைப் பெற்றது.

இளமைக்காலம்

காலியர் மிசிசிப்பியின் ஜெபர்சன் மாவட்டத்தில் ஹிண்ட்ஸ் குடும்பத்தாருக்குச் சொந்தமான பண்ணையில் பிறந்தார். அடிமைகளின் பிறப்பு முறையாகப் பதியப்படாத காலமாதலால் இவரது பிறந்த ஆண்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் 1848 என்பர். சிறுவனாக இருந்தபோதே பண்ணை வீட்டிற்கு வேட்டையாடி இறைச்சி கொண்டுவரும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாவது வயதில் தன் முதல் கரடியைச் சுட்டார். எழுதப் படிக்க இவர் ஒருபோதும் கற்கவில்லை. எனவே இவரைப் பற்றி இன்று நாம் அறிவனவெல்லாம் பிறர் எழுதியவையும், முதுமையில் இவர் வாய்மொழியாகச் சொல்லிப் பிறர் பதிந்தவையுமே ஆகும்.

1861 இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது பண்ணை உரிமையாளரான ஹோவெல் ஹிண்ட்ஸ் தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் சேர்ந்தார். வயது போதாது என்று வீட்டில் விட்டுச் செல்லப்பட்ட காலியர், மறைந்து பயணம் செய்து அவருடன் போய்ச் சேர்ந்தார். பின்னர் டெக்சாசின் 9 ஆவது குதிரைப்படையுடன் இருந்தார். போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச்சில்தான் கறுப்பினத்தவரைப் படைவீரராகச் சேர்க்கக் கூட்டமைப்பு சட்டம் இயற்றியது. தன்னை அடிமையாக வைத்திருந்த அமைப்புக்காகவே ஒருவர் போர்க்களம் சென்றது முரணாகத் தோன்றலாம். ஹிண்ட்ஸ் குடும்பத்தின் மீது இவர் கொண்டிருந்த பற்றே இதற்குக் காரணம் என்பது இவரது வாழ்க்கையை ஆராய்ந்தோர் கருத்து.

போருக்குப் பின் வடமாநிலப் படை அதிகாரி ஒருவரைக் கொன்றதாக இவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. விக்சுபர்க் நகரில் இராணுவ நீதிமன்றம் விசாரித்து இவரை விடுவித்தது. அதன்பின் டெக்சாசு சென்று, பிற்காலத்தில் அம்மாநில ஆளுநரான லாரன்சு சல்லிவன் ராசின் கால்நடைப் பண்ணையில் சிறிதுகாலம் மாடு மேய்க்கும் பணி செய்தார். ஹோவெல் ஹிண்ட்ஸ் 1868 இல் இறந்ததை அடுத்து மிசிசிப்பிக்குத் திரும்பி, கிரீன்வில் நகரை அண்டி வாழ்ந்தார்.

வேட்டைத் தொழில்

காலியர் வேட்டையாடிய பகுதி மிசிசிப்பி டெல்டா எனப்படுகிறது. பெயரைக் கொண்டு இதனை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் என எண்ணிவிடக் கூடாது. இது மிசிசிப்பி, யாசூ ஆகிய இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட வெள்ளச் சமவெளி. கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. அக்காலத்தில் இங்கு ஓக், சைப்பிரசு மரக்காடுகளும், அவற்றினூடே ஆள் உயரத்தைக் கடந்து வளர்ந்த அமெரிக்க மூங்கிற் புதர்களும் மண்டிக் கிடந்தன. புதருக்குள் நுழைந்தவருக்குச் சில அடி தூரத்திற்கு அப்பால் எதுவும் தெரியாது. அமெரிக்கக் கருங்கரடியின் துணையினமான லூசியானா கருங்கரடிக்கு இதுவே உறைவிடமாக இருந்தது.

காட்டை அழித்துப் பருத்தி வயல்களும் இருப்புப்பாதைகளும் அமைக்கப்பட்டபோது, மரம் வெட்டுவோர், பாதை போடுவோர் முகாம்களுக்குக் கரடி இறைச்சி விற்பது காலியரின் தொழிலாயிற்று. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட கரடிகளை இவர் கொன்றதாகப் பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. இந்த எண்ணிக்கையை ரோசவெல்ட் குறிப்பிடும்போது, தானே கொன்றவையும் கொல்ல உதவியவையும் சேர்ந்தது என்ற பொருளிலேயே குறிப்பிட்டுள்ளார்.

1902 ஆம் ஆண்டு வேட்டை

இல்லினாய் மத்திய இருப்புப்பாதை நிறுவனத்தின் தலைவர் ஸ்டைவசண்ட் பிஷ் முதலானோரின் அழைப்பை ஏற்று ரோசவெல்ட் இவ்வேட்டைக்கு வந்தார். டகோட்டாவிலும் ராக்கி மலைகளிலும் வேட்டையாடிப் பழகியவர் அவர். அங்கு வேட்டைக்காரர் தொலைவிலிருந்தே விலங்கைக் கண்டு, பதுங்கி நெருங்கிச் சுடலாம். மூங்கிற் புதர்க் காட்டில் அந்த முறை பயன்படாது. இங்கு நாய்கள் மோப்பம் பிடித்துக் கரடியைக் கலைக்க வேண்டும். குதிரையில் செல்பவர் புதரைக் கத்தியால் வெட்டி வழி செய்துகொண்டு நாய்களின் குரைப்பொலியைப் பின்தொடர வேண்டும். நிலத்தை அறியாத ஒருவர், எவ்வளவு திறமை உடையவராயினும், தனியே வேட்டையாட இயலாது. எனவே வழிகாட்டியாகக் காலியர் அமர்த்தப்பட்டார்.

காலமும் கருதிப் பார்க்கத்தக்கது. இலையுதிர்காலத்தில் கரடிகள் குளிர்கால முடக்கத்திற்கு முன் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுப்பதால், கொட்டை மிகுந்த இடங்களைச் சுற்றியே திரியும். இவை எங்கே இரை தேடும், கலைத்தால் எந்த வழியாக ஓடும் என்பதெல்லாம் காலியருக்கு மனப்பாடம். ஷார்க்கி மாவட்டத்தில் சிறு சூரியகாந்தி ஆற்றங்கரையில் முகாம் அமைக்கப்பட்டது. ரோசவெல்ட் சிறப்புத் தொடர்வண்டியில் ஸ்மீட்ஸ் என்னும் சிற்றூரில் இறங்கி, அங்கிருந்து குதிரையில் முகாமுக்குச் சென்றார்.

முதல் நாளிலேயே உயிருள்ள கரடியைக் காண வேண்டும் என்று குடியரசுத் தலைவர் வற்புறுத்தியதாகவும், கட்டியிழுத்தாவது கொண்டுவருவதாகத் தான் உறுதியளித்ததாகவும் காலியர் பிற்காலத்தில் கூறினார். நாய்களைப் பின்தொடர்ந்து தானும் புதருக்குள் செல்ல ரோசவெல்ட் விரும்பினார். முந்தைய ஆண்டுதான் குடியரசுத் தலைவர் மக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்நிலையில் ரோசவெல்ட்டை ஆபத்தான புதருக்குள் அனுப்ப உடனிருந்தோர் எவரும் இசையவில்லை. ஆகவே கரடி வெளிப்படக்கூடிய ஓரிடத்தைக் காலியர் தெரிவுசெய்து, ரோசவெல்ட்டையும் ஹியூகர் பூட் என்பவரையும் அங்கே காத்திருக்கச் செய்தார். இந்த பூட், வரலாற்றாசிரியர் ஷெல்பி பூட்டின் பாட்டனார் ஆவார்.

நவம்பர் 14 அன்று காலை நாய்கள் கரடியின் தடத்தைப் பிடித்தன. துரத்தல் பல மணி நேரம் நீடித்தது. நண்பகல் கடந்தும் ஒன்றும் வராமையால் காத்திருந்த இருவரும் உணவருந்த முகாமுக்குத் திரும்பிவிட்டனர். சிறிது நேரத்தில் காலியர் குறித்திருந்த வழியிலேயே கரடி வந்தது. சுடுவதற்குத்தான் அங்கு ஆள் இல்லை. திட்டம் பிழைக்கவில்லை என்பதை இங்கு குறிப்பிட வேண்டும்.

களைத்துப்போன கரடி ஒரு நீர்க்குட்டையில் இறங்கி நாய்களை எதிர்த்து நின்றது. நாய்களுள் ஒன்றைப் பிடித்து நசுக்கிக் கொன்றது. ஒரு குண்டில் அதை வீழ்த்தக் காலியரால் முடியும். ஆனால் கரடி குடியரசுத் தலைவருக்கு உரியது என்பது ஏற்பாடு. சுட்டால் வாக்குத் தவறும், விட்டால் எஞ்சிய நாய்கள் மடியும் என்ற நிலையில், இவர் குட்டையில் இறங்கித் துப்பாக்கியின் அடிக்கட்டையால் கரடியின் தலையில் அடித்தார். அது தள்ளாடியபோது கழுத்தில் சுருக்குக் கயிற்றை எறிந்து, அருகிலிருந்த மரத்தில் கட்டினார். பின் கொம்பை ஊதி மற்றவர்களை அழைத்தார்.

விரைந்து வந்த ரோசவெல்ட், கட்டுண்டு காயமுற்றிருந்த கரடியைச் சுடுவது வேட்டை அறத்திற்கு ஒவ்வாது என மறுத்துவிட்டார். ஆயினும் அதன் துன்பத்தை முடித்துவிடுமாறு கூறினார். பின்னாளில் லூசியானா ஆளுநரான ஜான் பார்க்கர் அதனைக் கத்தியால் கொன்றார். அது ஏறத்தாழ 235 இறாத்தல் (107 கிலோகிராம்) எடையுள்ள, நன்கு வளர்ந்த கரடி. குட்டிக் கரடியைக் கண்டு இரங்கிய ரோசவெல்ட் அதை விடுவித்தார் என்று சிறுவர் நூல்களில் காணப்படுவது சரியன்று. வேட்டை மேலும் சில நாட்கள் தொடர்ந்தும் ரோசவெல்ட்டுக்குக் கரடி எதுவும் கிட்டவில்லை.

கேலிச்சித்திரமும் பொம்மையும்

செய்தி நாளேடுகளில் பரவியது. நவம்பர் 16 அன்று வாஷிங்டன் போஸ்ட் இதழில் கிளிபர்ட் பெரிமன் இந்நிகழ்வைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். இதில் கரடியின் கயிற்றைப் பிடித்திருப்பவர் வெள்ளையராகக் காட்டப்பட்டார். காலியர் அச்சித்திரத்தில் இல்லை. பின்னர் பெரிமன் வரைந்த படங்களில் கரடி சிறுத்து, பயந்த குட்டியாக மாறியது. குட்டி பற்றிய கதைக்கு இப்படங்களே மூலமாக இருக்கலாம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டம், அவர் மனைவி ரோஸ் ஆகியோர் துணியாலான கரடி பொம்மை செய்து, ரோசவெல்ட்டின் செல்லப்பெயரைச் சூட்டி விற்றனர். ஏறக்குறைய அதே காலத்தில் செருமனியின் ஸ்டைப் நிறுவனமும் கரடி பொம்மைகளைத் தயாரித்தது.

1907 ஆம் ஆண்டு வேட்டை

1907 அக்டோபரில் ரோசவெல்ட் லூசியானாவின் டென்சாஸ் ஆற்றுப் பகுதிக்குக் கரடி வேட்டையாட வந்தார். பென் லில்லி என்ற புகழ்பெற்ற வேட்டைக்காரர் உடனிருந்தும் தொடக்க நாட்களில் பயன் கிட்டவில்லை. மிசிசிப்பியிலிருந்து மெட்காஃப் சகோதரர்கள் தம் நாய்களுடனும் காலியருடனும் வந்து சேர்ந்தனர். இம்முறை ரோசவெல்ட் மூங்கிற் புதருக்குள் சென்று பெண் கரடி ஒன்றைச் சுட்டார். 1908 சனவரியில் ஸ்கிரிப்னர்ஸ் இதழில் வெளியான கட்டுரையில் காலியரின் திறமையை அவர் விரிவாகப் பாராட்டினார்.

இறுதிக்காலம்

காடுகள் வயல்களாகக் கரடிகளும் அருகின. 1932 இல் மிசிசிப்பி மாநிலம் முழுவதிலும் பன்னிரண்டுக்கும் குறைவான கரடிகளே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்பட்டு, கரடி வேட்டை தடைசெய்யப்பட்டது. ஏறத்தாழ 86 வயதினராகக் காலியர் அப்போது உயிருடன் இருந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கிரீன்வில்லில் காலமானார். அந்நகரின் லைவ் ஓக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

லூசியானா கருங்கரடி 1992 இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாக அறிவிக்கப்பட்டு, எண்ணிக்கை பெருகியபின் 2016 இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2004 இல் மிசிசிப்பி டெல்டாவில் தேசிய வனவிலங்குப் புகலிடம் ஒன்றிற்குக் காலியரின் பெயர் சூட்டப்பட்டது. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவரின் பெயரைத் தாங்கிய முதல் தேசிய வனவிலங்குப் புகலிடம் இதுவே. இது தியொடோர் ரோசவெல்ட் பெயரிலமைந்த புகலிடத் தொகுதியைச் சேர்ந்தது.