மார்பியாவை மறுத்த மருத்துவர்

மனத்தின் ஆழத்தைத் துருவியவர் என்றே சிக்மண்ட் பிராய்டை நாம் அறிவோம். அவருடைய கனவுக் கொள்கைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ரசாயனம் படிப்பவன் அல்லவா! ஆனால் புற்றுநோயின் வலியோடு அவர் வீட்டிலிருந்தபடியே வாழ்ந்த பதினாறு ஆண்டுகள் என்னை விட்டு அகல மறுக்கின்றன.

1856-இல் மொராவியாவில் பிறந்த பிராய்ட், வீயன்னாவில் வளர்ந்து டாக்டரானார். 1884-இல் கொக்கெயினைச் சர்வரோக நிவாரணிபோலப் புகழ்ந்து எழுதினார். அவருடைய நண்பர் பிளைஷ்ல் என்ற விஞ்ஞானி, கட்டைவிரலை இழந்தபின் வந்த நரம்பு வலிக்காக மார்பியா எடுத்து அதற்கே அடிமையாகியிருந்தார். கொக்கெயினால் அவரை மீட்கலாம் என்று பிராய்ட் எண்ணினார். நண்பரோ கொக்கெயினுக்கும் அடிமையாகி 1891-இல் மாண்டார். பிராய்ட் பின்னாளில் மார்பியாவுக்கு அஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

நாளொன்றுக்கு இருபது சுருட்டுப் பிடித்தவருக்கு 1923-இல் மேலண்ணத்தில் புற்று கண்டது. வலது மேல்தாடையின் பெரும்பகுதியை அறுத்தெடுத்து, வாய்க்கும் மூக்குக்கும் நடுவே செயற்கைத் தடுப்பொன்றைப் பொருத்தினர். அதைக் கழற்றி மாட்டுவதே பெரும்பாடு. வீட்டார் அதற்கு அரக்கன் என்று பெயரிட்டிருந்தனர். மகள் அன்னாவே நர்ஸ். இரக்கம் காட்டி முகம் வாடலாகாது என்பது தந்தைக்கும் மகளுக்கும் இருந்த ஒப்பந்தம். முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள்! இடையே நோயாளிகளைப் பார்த்தார், நூல்கள் எழுதினார். வலிக்கு ஆஸ்பிரின், எப்போதாவது பிரமிடான், அவ்வளவுதான். மார்பியா சிந்தனையை மங்கச் செய்யும் என்று மறுத்துவிட்டார்.

வலியா, தெளிவா என்ற இந்த இக்கட்டு இன்று பெரும்பாலோருக்கு இல்லை. 1986-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை எளியது: வலி திரும்பும்வரை காத்திராமல், டாக்டர் கணித்த அளவை மணி தவறாமல் வாய்வழி கொடுப்பது. முதல் சில நாள் மயக்கம் பெரும்பாலும் தானே தெளியும். மலச்சிக்கல்தான் நீடிக்கும், அதற்கு உடன்மருந்து வேண்டும். வலிக்காக இப்படி முறையாக உண்பவர் பிளைஷ்லைப்போல் அடிமையாவது அரிது. நாம் படிக்கும் காசிக்குச் சற்றுத் தொலைவிலேயே, காஸிப்பூரில், அரசாங்க அபின் தொழிற்சாலை இருக்கிறது. ஆயினும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகள் மார்பியாவை வைத்திருக்கவே தயங்கின; 2014-இல்தான் சட்டம் தளர்ந்தது.

1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கவே, பிராய்ட் லண்டனில் குடிபுகுந்தார். மறு ஆண்டு நோய் முற்றிக் கன்னத்தைத் துளைத்தது. தோட்டம் தெரியும்படி படிப்பறையில் கட்டில் போட்டு, ஈ மொய்க்காதிருக்கக் கொசுவலை கட்டினர். நாற்றம் தாளாமல் அவருடைய செல்ல நாயே அருகில் வர மறுத்தது. அப்போதும் அன்னா இரவில் பலமுறை விழித்தெழுந்து பணிவிடை செய்தாள்.

துன்பத்தை வீணே நீட்டுவதில்லை என்று முன்பு தந்திருந்த வாக்கை, செப்டம்பர் 21-இல் டாக்டர் ஷூருக்கு அவர் நினைவூட்டினார். அன்னாவிடமும் சொல்லச் சொன்னார். அதன்பின்தான் மார்பியா ஊசி போடப்பட்டது. முகத்தில் வேதனை தணிந்து உறங்கினார். 1939 செப்டம்பர் 23-இல் உயிர் பிரிந்தது.