புழுவின் வாயைப் படித்த காப்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பென்சர் என்ற ஊரில் 1859-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி பிறந்தவர் நாதன் அகஸ்டஸ் காப். ஜெர்மனியில் யேனா நகரில் 1888-ல் டாக்டர் பட்டம் பெற்றவர், மறு ஆண்டே பிழைப்புக்காக ஆஸ்திரேலியா சென்றார். ஊர் விட்டு வந்து உழைக்கும் நமக்கு அந்தப் பாடு தெரியாததல்ல.

அங்கே விவசாய இலாகாவில் வேலை. சம்பளம் கோதுமை, கரும்பு நோய்களை ஆராய்வதற்கு, மனமோ நூற்புழுக்களிடம். இவை மண்புழுக்கள் அல்ல. மண்ணில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஒரு பிடி மண்ணில் ஆயிரக்கணக்கில் இருக்கும். தக்காளி, கத்தரி வேரில் முடிச்சுப் போடுபவை இந்த இனத்தவை என்பதால் விவசாயிக்கு எல்லாமே எதிரிதான்.

காப் அப்படி நினைக்கவில்லை. பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றின் வாயையும் பார்த்துப் படம் வரைந்தார். ஊசி போன்ற உறுப்பு இருந்தால் வேரையோ பூஞ்சையையோ குத்தி உறிஞ்சுவது. வெறும் குழாய் வாய் என்றால் பாக்டீரியாவை விழுங்குவது. உறுதியான பல் இருந்தால் மற்றப் புழுக்களைத் தின்னும் வேட்டைக்காரன். இந்த வேட்டைக்காரர்களைப் பற்றி 1917-ல் பெரிய கட்டுரையே எழுதினார். இவற்றை விட்டே வேர்ப்புழுக்களை ஒழிக்கலாம் என்று நம்பினார். ஆனால் அவற்றைப் பெருமளவில் வளர்ப்பது எளிதாக இல்லை.

பாக்டீரியாவைத் தின்பவை செய்யும் உபகாரம் பெரிது. பாக்டீரியாவில் புழுவுக்குத் தேவைப்படுவதைவிடத் தழைச்சத்து அதிகம். மிச்சத்தை அது அம்மோனியாவாக வெளியேற்ற, பயிர் எடுத்துக்கொள்கிறது. எல்லாப் புழுவையும் கொல்லும் மருந்தை ஊற்றினால் இந்த வேலையாளும் சேர்ந்து சாகிறான்!

1907-ல் காப் வாஷிங்டன் விவசாய இலாகாவில் சேர்ந்தார். பருத்தியைத் தரம் பிரிக்க அளவுகோல் வகுக்கும் பணியையும் செய்தார். பஞ்சாலைத் தொழிலாளிகளுக்கு இது சுவையான செய்தி. நூற்புழு ஆராய்ச்சியைத் தனி இயலாக நிறுத்தியவரும் அவரே. 1932 ஜூனில் காலமானார்.

அவருக்குப் பின் 1990-ல் ஹாலந்து நாட்டு பாங்கர்ஸ், புழுக்களின் வாழ்க்கை வேகத்தையும் கணக்கில் சேர்த்தார். எரு போட்டதும் சட்டெனப் பெருகும் சிறியவை ஒரு கோடி. மெதுவாகப் பெருகி, உழவையும் மருந்தையும் தாங்காத பெரியவை மறு கோடி. இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று எண்ணி, நிலம் எவ்வளவு அலைக்கழிக்கப்பட்டது என்று மதிப்பிடுகிறார்கள்.