கத்தரிக்கோலும் குரோமோசோமும்

ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு தினமும் மாத்திரை போட்டுக்கிட்டே வேலைக்குப் போறவங்க இன்னைக்கு நிறைய பேர் இருக்காங்க, தெரியுமா? அந்த மாத்திரைக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ஜேனட் ரௌலி.

1925-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 15 வயசிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மருத்துவப் படிப்பில் 65 பேரில் பெண்களுக்கு 3 இடம்தான். அது நிரம்பிட்டதால் காத்திருந்துதான் சேர முடிந்தது. 1948-ல் டாக்டர் பட்டம், மறுநாளே கல்யாணம். நாலு பசங்க பிறந்தாங்க. பல வருஷம் பார்ட் டைம் வேலைதான். இதோட கதை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க!

1960-ல் பிலடெல்பியாவில் இருவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். க்ரானிக் மைலாய்ட் லுக்கேமியா நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் ரொம்பக் குட்டியா இருந்தது. மீதித் துண்டு தொலைஞ்சு போச்சுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

1970-ல் ரௌலி ஆக்ஸ்போர்டு போய் புதிய சாயமேற்றும் முறையைக் கத்துக்கிட்டார். அதில் ஒவ்வொரு குரோமோசோமும் பார்கோடு மாதிரி தனித்தனிப் பட்டைகளோடு தெரியும். சிகாகோ திரும்பியதும் மைக்ராஸ்கோப் போட்டோக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, குரோமோசோம்களைக் கத்தரிச்சு டைனிங் டேபிளில் ஜோடி சேர்த்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுறாங்கன்னு பசங்க கிண்டல் பண்ணாங்களாம்.

1972-ல் விடை கிடைத்தது. துண்டு தொலையவே இல்லை! 22-ல் இருந்து உடைந்து 9-ல் போய் ஒட்டியிருந்தது. குரோமோசோம் கோளாறு புற்றுநோயின் விளைவு, காரணம் இல்லை என்று பலர் நம்பிய காலம் அது. அவர் விடலை. 1977-ல் இன்னொரு வகை லுக்கேமியாவில் 15-ம் 17-ம் துண்டு மாற்றிக்கொள்வதைக் காட்டினார். ஒரே நோயில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வந்தால், அது தற்செயலா இருக்குமா? நீங்களே சொல்லுங்க.

பிறகு மற்றவர்கள் அந்த ஒட்டுப்போட்ட இடத்தைத் தோண்டினார்கள். அங்கே உருவாகும் தப்பான புரதம், ஆஃப் ஆகாத ஸ்விட்ச் மாதிரி செல்களைப் பெருக்கிக்கிட்டே இருக்கும். அதை அடைக்கும் மாத்திரைதான் இமாடினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 15, 17 மாறும் வகையோ, வைட்டமின் ஏ சார்ந்த மருந்தும் ஆர்சனிக்கும் கொடுத்தால் இன்று பெரும்பாலும் குணமாகிவிடுகிறது.

ரௌலி 2013-ல், 88 வயசில் மறைந்தார். இன்னைக்கு லுக்கேமியான்னு வந்தா, எலும்பு மஜ்ஜையை எடுத்து குரோமோசோமையும் பார்க்கிறார்கள். எந்த மருந்து, மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவையா என்பதை முடிவு செய்ய அந்த ரிப்போர்ட்டும் வேணும். அதில் 9, 22 என்ற எண்களை எப்போதாவது பார்த்தா, அந்த டைனிங் டேபிளை நினைச்சுக்கோங்க.