விலைச்சீட்டும் தபால் பையும் – ஜான் வானமேக்கர்

எங்கள் சிறு வயதில் ஜவுளி எடுக்கப் போனால், பேரம் பேசத் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துப் போவது வழக்கம். விவரம் தெரியாதவருக்கு ஒரு விலை, தெரிந்தவருக்கு ஒரு விலை. இந்த நிலையை மாற்றிய வணிகர்களுள் முதல் வரிசையில் இருப்பவர் அமெரிக்காவின் ஜான் வானமேக்கர்.

1838 ஜூலை 11-ம் தேதி பிலடெல்பியாவில் செங்கல் தொழில் செய்தவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு சொற்பமே. 1861-ல் தம் மைத்துனர் நேதன் பிரவுனுடன் சேர்ந்து 'ஓக் ஹால்' என்ற ஆடைக் கடையைத் திறந்தார். அதே மாதத்தில் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. ஆயினும் கடை வளர்ந்தது. 1876-ல் ஒரு பழைய ரயில்வே சரக்குக் கிடங்கையே மிகப் பெரிய அங்காடியாக்கினார்.

எல்லோருக்கும் ஒரே விலை, அந்த விலை பொருளின் மீதே எழுதப்பட்டிருக்கும், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் – இவையே அவர் கொள்கைகள். ஒரே விலை முறை அவருக்கு முன்பே சிலரிடம் இருந்ததுதான். அதைப் பெரிய அளவில் நடத்தி, விளம்பரம் மூலம் நாடறியச் செய்தவர் இவர்.

1889 முதல் 1893 வரை ஜனாதிபதி ஹாரிசனின் அமைச்சரவையில் தபால் துறைத் தலைவராக இருந்தார். அக்காலத்தில் கிராமத்தார் தபால் நிலையத்துக்கே போய்க் கடிதம் வாங்கி வர வேண்டும். வீட்டுக்கு வீடு இலவச விநியோகம், பார்சல் சேவை, தபால் சேமிப்பு வங்கி ஆகிய மூன்றுக்கும் அவர் வாதாடினார். பார்சல்களைச் சுமந்து லாபம் ஈட்டிய தனியார் கம்பெனிகள் எதிர்த்தன. அவர் பதவியில் இருந்தவரை எதுவும் முழுமையாகக் கைகூடவில்லை. கிராம விநியோகம் 1896-லும், சேமிப்பு வங்கி 1911-லும், பார்சல் சேவை 1913-லும் வந்தன. மூன்றையும் அவர் கண்ணால் பார்த்தார்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். கட்சி அடிப்படையில் ஆயிரக்கணக்கான போஸ்ட்மாஸ்டர்களை அவருடைய இலாகா நீக்கியது. அப்போது சிவில் சர்வீஸ் கமிஷனராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் இதைக் கடுமையாகச் சாடினார். அரசுப் பணியில் இருந்த எனக்கு ரூஸ்வெல்ட் பக்கமே நியாயம் தெரிகிறது. கடையில் ஆள் பார்த்து விலை சொல்லாதவர், அலுவலகத்தில் கட்சி பார்த்து வேலை நீக்கத்தை அனுமதித்தார்!

சென்னை அன்பர்கள் பலர் அவருடைய கொடையை அறியாமலே பார்த்திருப்பார்கள். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, பாரிமுனைக்கு அருகில் நிற்கும் பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் அவர் தந்த பெரும் நன்கொடையால் எழும்பியது.

1922 டிசம்பர் 12-ல் காலமானார். அவருடைய பிலடெல்பியா மாளிகையில் கடைசியாக நடந்த பெரிய அங்காடியும் 2025-ல் மூடப்பட்டது. கடை போனாலும் விலைச்சீட்டு நிலைத்துவிட்டது. இன்று பத்து வயதுப் பேரன் தனியாகக் கடைக்குப் போனாலும், பேரத்தில் கெட்டிக்காரரான அவன் தாத்தா கொடுக்கும் அதே விலையைத்தான் கொடுக்கிறான்.